கரும்புத் தோட்டக் குடியேற்றங்களில் பெண்கள், குற்றம், நீதி

19ஆம் நூற்றாண்டில் ஐந்தாண்டு ஒப்பந்தத்தின் பேரில் இந்தியாவிலிருந்து கப்பலேறிய தொழிலாளர்கள், தாங்கள் போய்ச் சேர்ந்த நாடுகளின் நாட்டுப்புறங்களில் கரும்புத் தோட்டங்களைச் சுற்றிப் புதிய சமூகங்களாக உருவாயினர். மொரிசியசுக்கு 1834இலும், பிரித்தானிய கயானாவுக்கு 1838இலும், டிரினிடாட்டுக்கு 1845இலும், தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 1860இலும், பிஜித் தீவுகளுக்கு 1879இலும் இந்தக் குடியேற்றம் தொடங்கியது. இச்சமூகங்களில் பெண்கள் எப்போதும் சிறுபான்மையினர். ஆயினும் குடியேற்ற அலுவலகங்களின் கோப்புகளிலும் நீதிமன்றப் பதிவேடுகளிலும் அவர்களைப் பற்றிய பேச்சுக்குக் குறைவில்லை. அவள் ஓடிப்போனாள், வேலைக்கு வரவில்லை, வரி கட்டவில்லை, கணவனை விட்டு வேறொருவனுடன் போனாள், வெட்டிக் கொல்லப்பட்டாள் என்று அந்தப் பதிவுகள் சொல்லிக்கொண்டே போகின்றன. அவளே வந்து சொன்னதாக உள்ள பதிவுகள் மிகச் சில. அவற்றில் அவள் சொன்னது ஏற்கப்பட்டதாக உள்ளவை அதைவிடவும் சில.

இக்கட்டுரை பெரும்பாலும் பிஜியை மையமாகக் கொண்டது. டிரினிடாட்டும் நேட்டாலும் தேவையான இடங்களில் ஒப்பிடப்படுகின்றன.

கப்பலேறிய பெண்கள் யார்?

தோட்ட முதலாளிகளுக்குத் தேவைப்பட்டவர்கள் உடல் வலுவுள்ள இளம் ஆண்கள். பெண்களைக் கூட்டிவருவது வீண்செலவு என்றே அவர்கள் கருதினர். ஆனால் ஆண்கள் மட்டுமே நிறைந்த குடியிருப்புகளில் உண்டான குழப்பங்களைக் கண்ட அரசு, 1860களின் இறுதியில் ஒரு விதியை நிலைப்படுத்தியது. அனுப்பப்படும் ஒவ்வொரு 100 ஆண்களுக்கும் 40 பெண்களாவது இருக்க வேண்டும் என்பது அவ்விதி. பின்னர் நடந்த பல கொடுமைகளுக்கு இந்த எண்ணே வேராயிற்று. நாற்பது பெண் என்ற கணக்கு நிரம்பாவிட்டால் கப்பல் புறப்பட முடியாது. ஆகவே ஆள் பிடிக்கும் தரகர்கள் சத்திரங்களிலும் கோயில் வாசல்களிலும் புகைவண்டி நிலையங்களிலும் தனியாக நிற்கும் பெண்களைத் தேடினர். கணவனை இழந்தவள், கணவனால் தள்ளிவைக்கப்பட்டவள், மாமியார் வீட்டுச் சண்டையில் வெளியேறியவள், பஞ்சத்தில் பிழைப்புத் தேடி வந்தவள் ஆகியோரே அவர்கள் கையில் அகப்பட்டனர். சர்க்கரை அரைக்கும் எளிய வேலை என்று சொல்லப்பட்டவர்களும், பக்கத்து ஊருக்குத்தான் போகிறோம் என்று நம்பவைக்கப்பட்டவர்களும் அவர்களுள் உண்டு.

பிஜிக்கு 1879 முதல் 1916 வரை ஏறத்தாழ 60,000 பேர் சென்றனர். அவர்களில் ஏறத்தாழ 45,000 பேர் கல்கத்தா வழியாகப் போன வட இந்தியர். எஞ்சிய சுமார் 15,000 பேர் 1903க்குப் பின் சென்னைத் துறைமுகம் வழியாகப் போன தமிழரும் தெலுங்கரும் மலையாளிகளும் ஆவர். கல்கத்தாவிலிருந்து போன 13,696 பெண்களின் குடியேற்றச் சீட்டுகளை வரலாற்றாசிரியர் பிரிஜ் வி. லால் ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கினர் கணவனோ குடும்பமோ இன்றித் தனியாகப் போனவர்கள் என்பது அதிலிருந்து தெரிய வந்தது. பெண்களின் சாதிப் பரவல் ஆண்களுடையதை ஒத்தே இருந்தது என்பதும் தெரிந்தது. இந்த இரண்டாவது செய்தி முக்கியமானது. தோட்டங்களுக்கு வந்த பெண்கள் எல்லாரும் கடைத்தெருவிலிருந்து பொறுக்கப்பட்ட 'ஒழுக்கம் கெட்டவர்கள்' என்று குடியேற்ற நாடுகளின் அதிகாரிகள் அரை நூற்றாண்டுக் காலம் எழுதிவந்தனர். அவர்களுடைய சொந்தக் கோப்புகளே அதற்கு இடம் தரவில்லை.

வேலைக்கு வராமை என்னும் குற்றம்

ஒப்பந்தம் எழுதிய தொழிலாளி ஊதியத்துக்கு உழைப்பவர் மட்டும் அல்லர். ஒப்பந்தத்தை மீறினால் சிறைக்குப் போக வேண்டியவரும் ஆவார். இன்று வேலைக்குப் போகாவிட்டால் சம்பளம் குறையும், மிஞ்சினால் வேலை போகும். அன்றைய தோட்டச் சட்டத்தின்படி அது நீதிபதி முன் நிற்க வேண்டிய குற்றம். அன்றைய வேலை அளவை முடிக்காமை, அனுமதியின்றித் தோட்டத்தை விட்டு வெளியேறுதல், ஓவர்சியரின் சொல்லுக்குக் கீழ்ப்படியாமை ஆகிய அனைத்துக்கும் அபராதமோ கடுங்காவலோ உண்டு. சிறையிலிருந்த நாள்களையும் வேலைக்கு வராத நாள்களையும் கணக்கிட்டு ஒப்பந்தக் காலத்தின் இறுதியில் நீட்டிக்கொள்ளப் பிஜியின் 1886ஆம் ஆண்டுச் சட்டம் முதலாளிக்கு வழி செய்தது. ஒரே தவறுக்கு ஒருவர் அபராதத்தாலும் காலத்தாலும் இருமுறை தண்டிக்கப்பட்டார்.

பெண்ணுக்கு இந்தச் சட்டம் எவ்வாறு பொருந்தியது என்பதைக் கூலிக் கணக்கிலிருந்து தொடங்கிப் பார்க்கலாம். பிஜியில் முழு நாள் வேலைக்கு ஆணுக்கு 1 ஷில்லிங், அதாவது 12 பென்னி. பெண்ணுக்கு 9 பென்னி. இது வேலை அளவை முடித்தால் கிடைக்கும் தொகை. முடிக்காதவர்களுக்குக் கூலி பிடித்தம் செய்யப்பட்டதால் பெரும்பாலோர் அந்தத் தொகையைக் கண்ணாலும் பார்த்ததில்லை. விடியலுக்கு முன் எழுந்து சோறாக்கி, பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வயலுக்குப் போய், வரப்போரம் அதைக் கிடத்திவிட்டுக் களை வெட்டுகிறவளால் ஆணைப்போல் அளவை முடிக்க முடியாது. கருவுற்றாலும் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் வேலை நாள் குறையும். சட்டத்தின் கண்ணில் அந்த நாள் 'வராத நாள்'. வீட்டு வேலை அங்கே வேலை ஆகாது. பிள்ளை பெறுவது தோட்டத்துக்கு இழப்பு.

1885 முதல் 1906 வரை பிஜியில் முதலாளிகள் தொழிலாளர் மீது தொடுத்த வழக்குகளில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் தண்டனையில் முடிந்தன. தொழிலாளர் தங்களை அடித்த ஓவர்சியர் மீது தொடுத்த வழக்குகளிலோ மூன்றில் ஒரு பங்கு அளவே வெற்றி பெற்றன. வழக்குத் தொடுக்கும் துணிவே பெரும்பாலோருக்கு இல்லாத நிலையில், தொடுத்தவற்றின் கதி இது.

முறையிடப் போகும் வழி

முறையிட விரும்பும் ஒரு பெண் என்ன செய்ய வேண்டும்? முதலில் அவள் தோட்டத்தை விட்டு வெளியே போக வேண்டும். நீதிபதி இருக்கும் ஊர் பல மைல் தொலைவில் இருக்கும். துணைக்கு ஆள் கூட்டிப் போகலாம் என்றால் அதற்கும் தடை. 1886இல் கொரோனிவியா தோட்டத் தொழிலாளர் நூற்றுக்கு மேற்பட்டோர் வேலை அளவு மிகுதி என்று முறையிடக் கூட்டமாகச் சுவா நகருக்கு நடந்து வந்தனர். அதைக் கண்டு அஞ்சிய அரசு, ஐந்து பேருக்கு மேல் ஒன்றாக முறையிடப் புறப்படுவதைக் குற்றமாக்கியது. முறையிட்ட பின்னர் அவள் திரும்பி வர வேண்டிய இடமும் அதே தோட்டம்தான். அவளுக்கு நாளைய வேலையை அளந்து கொடுப்பவரும் அவள் யார்மீது முறையிட்டாளோ அதே ஓவர்சியர்தான். தொழிலாளர் பேச்சில் இவருக்குக் 'கூலம்பர்' என்று பெயர். அவருக்குக் கீழ் 'சர்தார்' என்னும் இந்திய மேஸ்திரி இருந்தார். பெண்களை மிரட்டுவதிலும் விலைபேசுவதிலும் சர்தார்களின் பங்கு சிறியதன்று.

அடுத்து மொழி. நீதிமன்றத்தில் ஆங்கிலம், மொழிபெயர்ப்பாளர்கள் பெரும்பாலும் இந்துஸ்தானி அறிந்தவர்கள், தோட்டங்களின் பொதுமொழியும் அதுவே. 1903க்குப் பின் வந்த தமிழ்ப் பெண்ணுக்குச் சொந்தக் குடியிருப்பிலேயே பேச்சுத் துணை குறைவு. தென்னிந்தியரிடையே தற்கொலை மிகுதியாக இருந்ததைப் பிஜிக்கு நேரில் சென்று ஆய்ந்த சி. எஃப். ஆண்ட்ரூசும் கவனித்தார். பேச ஆளில்லாத தனிமை அதற்கு ஒரு காரணம் என்று கொள்வதில் பிழை இருக்க முடியாது.

கடைசியாகச் சாட்சி. தனியாக ஒரு மூலையில் வேலைக்கு அனுப்பப்பட்ட பெண்ணுக்கு நேர்ந்ததற்குச் சாட்சி யார் வருவார்? இருந்த சாட்சிகளும் நாளை அதே வயலில் நிற்க வேண்டியவர்கள்.

நாராயணியும் குந்தியும்

இந்தத் தடைகளையெல்லாம் தாண்டி வெளியே தெரிந்த வழக்குகளுள் இரண்டு பெயர்கள் நிலைத்துவிட்டன.

1910இல் நாந்திப் பகுதித் தோட்டம் ஒன்றில் நாராயணி என்னும் பெண்ணுக்குக் குழந்தை இறந்து பிறந்தது. மூன்று நான்கு நாள்களில் அவளை வேலைக்கு வரச் சொன்னார் ஓவர்சியர். பிரசவமான பெண்கள் மூன்று மாதம் வரை வேலைக்கு வராமல் இருப்பது பிஜியில் அக்கால வழக்கம். நாராயணி மறுத்தாள். ஓவர்சியர் அவளை மோசமாக அடித்தார். அவளைத் தூக்கிச் சென்று மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று. ஓவர்சியர் கைது செய்யப்பட்டு விசாரிக்கப்பட்டார். குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டார். நாராயணி மனநிலை பிறழ்ந்தவளாகவே எஞ்சிய வாழ்நாளைக் கழித்தாள்.

குந்தியின் வழக்கு இன்னும் அறியப்பட்டது. கோரக்பூர் மாவட்டத்தைச் சேர்ந்த இளம்பெண்ணாகிய அவள் 1908இல் கணவனுடன் பிஜிக்கு வந்தாள். 1912 ஏப்ரல் 10ஆம் நாள், ரேவாப் பகுதியிலுள்ள தோட்டத்தில் கணவனிடமிருந்தும் மற்றப் பெண்களிடமிருந்தும் பிரித்து, ஒதுக்குப்புறமான ஒரு பகுதியில் களை எடுக்க அவள் அனுப்பப்பட்டாள். பிறகு அங்கே வந்த ஓவர்சியர் அவளைப் பலவந்தப்படுத்த முயன்றார் என்பது அவளது வாக்குமூலம். அவள் திமிறிக்கொண்டு ஓடி அருகிலிருந்த ஆற்றில் குதித்தாள். சிறு படகில் அங்கே இருந்த ஒரு சிறுவன் அவளைக் காப்பாற்றினான். தோட்ட மேலாளரிடம் போய்ச் சொன்னபோது, வயலில் நடப்பதைத் தன்னிடம் கொண்டு வர வேண்டாம் என்று அவர் அனுப்பிவிட்டார்.

வழக்கமாக இத்துடன் முடிந்திருக்கும். குந்தியின் கூற்று கல்கத்தாவின் 'பாரத மித்திரன்' இந்தி இதழில் வெளியானதால் அது முடியவில்லை. இந்திய அரசு விளக்கம் கேட்டது. பிஜி அரசு விசாரணை நடத்தியது. விசாரித்த அதிகாரியின் முன்னும் குந்தி தன் கூற்றில் உறுதியாக நின்றாள். முடிவில் அவள் சொன்னது நம்பத்தக்கதன்று என்று தள்ளப்பட்டது. அவளுடைய நடத்தை பற்றிய ஐயங்களும் கோப்பில் எழுதிவைக்கப்பட்டன. நடந்தது என்ன என்று கேட்கத் தொடங்கிய விசாரணை, கேட்டவள் எப்படிப்பட்டவள் என்பதில் போய் முடிந்தது. பெண்ணின் முறையீட்டை மறுக்க அவளது ஒழுக்கத்தைக் கைகாட்டுவது அதிகாரிகளுக்குக் கைவந்த வழியாக இருந்தது. 'ஒழுக்கம் கெட்ட கூலிப் பெண்' என்னும் அந்தப் பழைய வாசகத்தின் பயன் இங்கேதான் தெளிவாகிறது. அது வெறும் வசையன்று. நீதிமன்றத்தில் சாட்சியை உடைக்கும் கருவி.

அரிவாளும் அறையும்

வெள்ளை ஓவர்சியர்கள் இழைத்த கொடுமைகளே இந்தியப் பத்திரிகைகளில் பெரிதாகப் பேசப்பட்டன. பெண்கள் உயிரிழந்தது பெரும்பாலும் தங்கள் வீட்டு ஆண்களின் கையில்தான். இந்தப் பகுதியை மெல்லக் கடந்து போய்விடும் பழக்கம் நம் எழுத்துகளில் உண்டு, அது நேர்மையாகாது.

டிரினிடாட்டில் 1872 முதல் 1900 வரை 87 இந்தியப் பெண்கள் கொலையுண்டனர். அவர்களில் 65 பேரைக் கொன்றவர்கள் கணவர்கள். பிரித்தானிய கயானாவிலும் பிஜியிலும் நேட்டாலிலும் இதே வகைக் கொலைகள் தொடர்ந்து பதிவாயின. கரும்பு வெட்டும் அரிவாளே பெரும்பாலும் கொலைக் கருவி. மூக்கை அறுப்பதும் கையை வெட்டுவதும் வேறு. குற்றவாளிகள் பலர் ஓடி ஒளியாமல் தாங்களே காவலரிடம் சரணடைந்தனர், தூக்கிலும் தொங்கினர்.

அதிகாரிகளிடம் இதற்கு ஆயத்தமான விளக்கம் ஒன்று இருந்தது: இந்திய ஆணின் பொறாமை, இந்தியப் பெண்ணின் நிலையின்மை. நூறு ஆணுக்கு நாற்பது பெண் என்ற கணக்கை வகுத்தவர்கள் தாங்கள்தான் என்பது அந்த விளக்கத்தில் இடம்பெறவில்லை. குடியிருப்புகளைப் பார்த்தாலே காரணங்கள் பல புலப்படும். பிஜியின் 'லைன்' எனப்பட்ட நீண்ட கொட்டகைகளில் அறைகள் 10 அடிக்கு 7 அடி. மூன்று ஆண்களுக்கு ஓர் அறை. அல்லது கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகளுக்கு ஓர் அறை. தடுப்புச் சுவர்கள் கூரை வரை எட்டாதவை. திருமணமான பெண்ணின் அறைக்கு இரு பக்கமும் தனி ஆண்கள். ஓர் அறையில் பேசுவது எல்லா அறைகளிலும் கேட்கும்.

இதற்கு மேல் திருமணத்தின் சட்ட நிலை. சமயச் சடங்குடன் நடந்த திருமணத்தைக் குடியேற்ற நாட்டுச் சட்டம் தானாக ஏற்கவில்லை. அது பதிவு செய்யப்பட வேண்டும். பெரும்பாலோர் பதிவு செய்யவில்லை. அதனால் கணவன் என்பவன் சட்டப்படி கணவன் அல்லன், அவனுடைய பிள்ளைகளும் சட்டப்படி வாரிசுகள் அல்லர். மனைவி இன்னொருவனுடன் போய்விட்டால் அவன் எந்த நீதிமன்றத்துக்கும் போக முடியாது. போன பெண்ணுக்கும் பிரிந்து செல்லச் சட்ட வழி கிடையாது. ஊரிலிருந்தால் பஞ்சாயத்தார், மாமன், மச்சான் என்று பேசித் தீர்க்கச் சுற்றம் இருந்திருக்கும். தோட்டத்தில் அதுவும் இல்லை. அந்த வெற்றிடத்தில் அரிவாள் புகுந்தது.

பெண்கள் குறைவாக இருந்ததால் ஊர் வழக்கம் சில இடங்களில் தலைகீழாகப் புரண்டது. வரதட்சணைக்குப் பதிலாகப் பெண்ணுக்கு விலை கொடுக்கும் வழக்கம் டிரினிடாட், கயானா, பிஜி ஆகிய மூன்றிலும் பரவியது. தந்தை ஒரே பெண்ணை இரண்டு மூன்று பேரிடம் பேசி முன்பணம் வாங்கிவிடுவதும், அதிலிருந்து வழக்கும் வெட்டுக்குத்தும் பிறப்பதும் நடந்தன. பெண்ணுக்குப் போட்ட நகையைத் திருப்பித் தரக் கேட்கும் வழக்குகள் நாட்டுப்புற நீதிமன்றங்களில் சாதாரணம். ஆணுக்கு அவள் சேமிப்பு, தந்தைக்கு வருமானம். இந்தப் பற்றாக்குறை பெண்ணுக்கு ஓரளவு பேரம் பேசும் வலுவைக் கொடுத்தது என்பதையும் மறுக்க முடியாது. பிடிக்காத கணவனை விட்டுப் போகும் வாய்ப்பு ஊரில் அவளுக்கு இருந்ததில்லை. தோட்டத்தில் கையில் சொந்தக் கூலி இருந்தது. போக இடமும் இருந்தது. அந்த வலுவைப் பயன்படுத்தியவர்களே மிகுதியாகக் கொல்லப்பட்டவர்களும்.

அரசு எடுத்த நடவடிக்கைகள் பெரும்பாலும் கணவனுக்கு மனைவியைக் கட்டிவைக்கும் திசையிலேயே சென்றன. மனைவியைக் கவர்ந்து செல்பவனுக்குத் தண்டனை, கொலை நேரும் என்று தோன்றினால் யாரேனும் ஒருவரை வேறு தோட்டத்துக்கு மாற்றுதல், திருமணப் பதிவு ஆகியவை அவற்றுள் சில. டிரினிடாட்டின் 1881ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் இவ்வகையில் பேர்பெற்றது. அடிபடும் பெண் எங்கே போய்த் தங்குவாள் என்ற கேள்விக்கு இந்தச் சட்டங்கள் எதிலும் விடை இல்லை.

ஒப்பந்தம் முடிந்து தோட்டங்களுக்கு வெளியே நிலம் வாங்கிக் குடியேறியவர்கள் ஊர்ப் பஞ்சாயத்துகளை மீண்டும் உருவாக்கினர். ஓடிப்போன மனைவி, திரும்பாத நகை, முறிந்த நிச்சயம் ஆகிய வழக்குகள் இப்போது அங்கே வந்தன. கொலைகள் குறைந்ததற்கு இப்பஞ்சாயத்துகளும், குடும்பங்கள் பெருகி ஆண் பெண் எண்ணிக்கை சமநிலைக்கு நெருங்கியதும் காரணங்கள். கூடவே, தோட்டத்தில் பெண்ணுக்கிருந்த அந்தக் கொஞ்ச நஞ்சப் போக்குவரத்தும் அடைபட்டது. பஞ்சாயத்தில் பேசியவர்கள் ஆண்கள், அவள் பேசப்பட்டாள்.

நேட்டால்: வரி கட்டாத பெண்

நேட்டாலின் கதை சற்று வேறு வகையானது. தமிழருக்கு மிக நெருங்கியதும்கூட. 1860 நவம்பர் 16ஆம் நாள் டர்பனை அடைந்த முதல் கப்பலான 'துரூரோ' சென்னையிலிருந்தே சென்றது. 1911 வரை நேட்டாலுக்குச் சென்ற சுமார் 1,52,000 பேரில் பெரும்பான்மையினர் சென்னை வழியாகப் போனவர்கள்.

ஒப்பந்தம் முடிந்தவர்கள் சுதந்திரமாகக் குடியேறுவதை விரும்பாத நேட்டால் அரசு 1895இல் ஒரு சட்டம் இயற்றியது. மறு ஒப்பந்தமும் எழுதாமல் ஊருக்கும் திரும்பாமல் தங்குபவர்கள் ஆண்டுக்கு 3 பவுண்டு வரி கட்ட வேண்டும். 1903இல் இது அவர்களுடைய பிள்ளைகளுக்கும் விரிவாக்கப்பட்டது. ஆண்பிள்ளைக்கு 16 வயது, பெண்பிள்ளைக்கு 13 வயது நிறைந்தால் வரி. ஒப்பந்தத்தின் முதலாண்டில் ஆணின் மாதக் கூலி 10 ஷில்லிங், பெண்ணின் கூலி அதில் பாதி. 3 பவுண்டு என்பது 60 ஷில்லிங். ஒப்பந்தக் கூலியில் பார்த்தால் அது ஆணுக்கு ஆறு மாத உழைப்பு. பெண்ணுக்கு ஓராண்டு உழைப்பு. கணவன், மனைவி, பருவமடைந்த ஒரு பெண் உள்ள குடும்பம் ஆண்டுக்கு 9 பவுண்டு கட்ட வேண்டும்.

கட்ட முடியாதவர்கள் நீதிமன்றத்துக்கு இழுக்கப்பட்டனர்; பெண்களும் சிறைக்குப் போயினர். பதின்மூன்று வயதில் ஒரு பெண் அரசின் கண்ணில் வரி செலுத்த வேண்டியவளாகவும் தவறினால் குற்றவாளியாகவும் ஆனாள். மறுபடியும் ஒப்பந்தம் எழுதித் தோட்டத்துக்கே திரும்பிவிட்டால் வரியில்லை. சட்டத்தின் உள்நோக்கமும் அதுவே. பெண்கள் சிறைப்படுவது கண்டனத்துக்கு உள்ளானதால், பெண்களுக்கு விலக்களிக்கும் அதிகாரத்தை 1910ஆம் ஆண்டுச் சட்டம் நீதிபதிகளுக்குக் கொடுத்தது. வரி மட்டும் நீங்கவில்லை.

1913 மார்ச் 14ஆம் நாள் கேப் உச்ச நீதிமன்ற நீதிபதி சியர்ல், பலதார மணத்துக்கு இடமளிக்கும் சமய முறைப்படி நடந்த திருமணங்கள் சட்டத்தின் கண்ணில் திருமணங்கள் ஆகா என்று தீர்ப்பளித்தார். இந்து, முஸ்லிம் பெண்கள் ஒரே நாளில் சட்டப்படி மனைவியர் அல்லாதவர் ஆயினர். அந்த ஆண்டு அக்டோபரில் டிரான்சுவாலிலிருந்து பெரும்பாலும் தமிழரான பெண்கள் குழு ஒன்று அனுமதியின்றி நேட்டாலுக்குள் நுழைந்து, நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரை வேலைநிறுத்தத்துக்கு அழைத்தது. அவர்கள் நகரத்துப் பெண்கள். ஆனால் பேசியது ஒப்பந்தக் கூலிகளின் மொழியில், மூன்று பவுண்டு வரியைப் பற்றி. வேலைநிறுத்தம் சுரங்கங்களிலிருந்து கடற்கரைக் கரும்புத் தோட்டங்களுக்குப் பரவியது. அப்பெண்களுக்கு மூன்று மாதக் கடுங்காவல். வேறொரு குழுவில் சிறை சென்ற தில்லையாடி வள்ளியம்மை பீட்டர்மாரிட்சுபர்கு சிறையில் நோயுற்று, விடுதலையான சில நாள்களில் 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தார். அவருக்கு வயது 16. அதே ஆண்டு நிறைவேறிய இந்தியர் துயர்நீக்கச் சட்டம் வரியை ஒழித்தது, திருமணங்களுக்கும் ஏற்பளித்தது.

முதன்முறையாக இங்கே பெண்கள் குற்றம் செய்தே நீதி கேட்டனர். முறையீட்டாளராகப் போனபோது திறக்காத கதவு, குற்றவாளியாகப் போனபோது திறந்தது.

மானம் என்னும் மொழி

இந்தியாவில் ஒப்பந்தக் கூலி முறைக்கு எதிரான இயக்கம் வலுப்பெற்றதில் பிஜிப் பெண்களின் கதைகளுக்குப் பெரும் பங்குண்டு. பிஜியில் 21 ஆண்டுகள் வாழ்ந்து திரும்பிய தோத்தாராம் சனாத்யா 1914இல் இந்தியில் வெளியிட்ட நூல் குந்தியையும் நாராயணியையும் வட இந்தியா முழுவதும் அறியச் செய்தது. சுவாவில் பணியாற்றிய மெதடிஸ்டு ஊழியர் ஹன்னா டட்லி 1912இல் எழுதிய கடிதம் இந்திய இதழ்களில் வெளிவந்தது. ஆண்ட்ரூசும் பியர்சனும் 1916இல் அறிக்கை தந்தனர். தமிழில் பாரதியார் 'பிஜித் தீவிலே ஹிந்து ஸ்திரீகள்' என்னும் பாடலை எழுதினார். பலருக்கு இந்த வரலாற்றோடு உள்ள ஒரே அறிமுகம் அதுதான். 1917 சனவரியில் அலகாபாத்தில் சரோஜினி நாயுடு பேசினார். மார்ச்சில் பெண்கள் தூதுக்குழு வைசிராய் செம்ஸ்போர்டைச் சந்தித்தது. அதே மாதம் ஆள் சேர்ப்பு நிறுத்தப்பட்டது.

இவர்கள் எல்லாரும் பேசிய மொழி மானத்தின் மொழி. நம் சகோதரிகளின் கற்பு அழிகிறது, பாரத மாதாவின் மானம் போகிறது என்பதே முழக்கம். அது மக்களை எழுப்பியது. நூறு கூலிக் கணக்குகள் செய்யாததைச் செய்தது. விலையும் இருந்தது. கற்பழிந்தவள் என்ற அடைமொழியோடு ஊர் திரும்பிய பெண்ணைச் சேர்த்துக்கொள்ளப் பல குடும்பங்கள் முன்வரவில்லை. ஓவர்சியரின் கொடுமை பேசப்பட்ட அளவு 9 பென்னிக் கூலியோ, பிள்ளைப்பேற்று விடுப்போ, கணவனின் அரிவாளோ பேசப்படவில்லை. 'ஒழுக்கம் கெட்டவள்' என்ற அதிகாரிகளின் சொல்லுக்கு மறுப்பாக 'பத்தினி' என்ற சொல் நிறுத்தப்பட்டது. இரண்டுக்கும் இடையில் நின்ற, தன் விருப்பத்தில் கப்பலேறி, தன் விருப்பத்தில் துணையை மாற்றி, தன் கூலியைத் தானே எண்ணிய பெண்ணுக்கு எந்தப் பக்கத்திலும் வழக்கறிஞர் இல்லை.

பிஜியில் எஞ்சிய ஒப்பந்தங்கள் அனைத்தும் 1920 சனவரி 1 அன்று இரத்து செய்யப்பட்டன. அடுத்த சில வாரங்களில் விலைவாசி உயர்வை எதிர்த்துச் சுவாவிலும் ரேவாவிலும் இந்தியத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். பெண்கள் பெருந்திரளாகக் கலந்துகொண்டனர். அவர்களைத் திரட்டியவர் வழக்கறிஞர் மணிலாலின் மனைவி ஜெயகுன்வர். அரசு 1875ஆம் ஆண்டின் அமைதிகாப்புச் சட்டம் ஒன்றைத் தேடியெடுத்தது. மணிலால், ஜெயகுன்வர், இன்னும் இருவர் ஆகியோர் தலைமைத் தீவான விட்டி லெவுவில் இரண்டாண்டுகள் வசிக்கக் கூடாது என்று அதன்படி ஆணை பிறந்தது. வழக்கு எதுவும் நடத்தப்படவில்லை. கணவனும் மனைவியும் ஏப்ரலில் கப்பலேறி நாட்டை விட்டுப் போயினர்.